பிழையே செய்யாதவர் யார்? சமய நம்பிக்கையில் பிழையாமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சாமி பேச்சு இல்லாத திண்ணை கிடையாது. ஒருபுறம் வடலூர், ஒருபுறம் சிதம்பரம், நடுவில் திருப்பாதிரிப்புலியூர், வடக்கே புதுச்சேரியின் சம்பா கோவில், தெற்கே பரங்கிப்பேட்டைப் பள்ளிவாசல்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது: “வேதத்துலயே இருக்கு”, “பைபிள்ல போட்டிருக்கு”, “குருவே சொல்லிட்டாரு”. அதற்குமேல் கேட்டால் கேட்டவர்தான் கெட்டவர். அந்த முட்டுச்சுவரைப் பற்றி மாணவர்களும் பெற்றோர்களும் கோவில் காரியங்களில் இருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடவுள் உண்டா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. கடவுளை நம்புகிற ஒருவர், இந்த மனிதர் தவறவே மாட்டார், இந்த விளக்கம் பிழைபடவே படாது என்றும் சேர்த்து நம்பியாக வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிழையாமை என்று எதைச் சொல்கிறீர்கள்? எல்லா மதத்திலும் இது உண்டா?

ஒரு நூலோ, ஆளோ, பதவியோ தவறவே முடியாது என்ற கோட்பாட்டைச் சொல்கிறேன். இதுவரை தவறியதில்லை என்பது வேறு. தவறவே முடியாது என்பது வேறு.

மதத்துக்கு மதம் இது உட்காரும் இடம் மாறும். கத்தோலிக்கத்தில் திருத்தந்தை சில நிபந்தனைகளோடு தரும் போதனையில் இருக்கிறது. புராட்டஸ்டண்டு சபைகளில் ஒரு சாரார் விவிலியத்தின் மேல் வைக்கிறார்கள். 1978-இல் சிகாகோவில் கூடி அறிக்கையாகவே வெளியிட்டார்கள். வேதச் சடங்குகளை ஆராய்ந்த பழைய தத்துவ மரபினரான மீமாம்சகர்கள் வேதத்தை யாருமே இயற்றவில்லை, ஆகவே ஆளால் வரும் பிழை அதற்கு வராது என்றார்கள். தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வேதத்துக்கு ஆசிரியர் உண்டு, அவர் நம்பத்தக்க இறைவன், அதனால்தான் அது பிரமாணம், அதாவது நம்பத்தக்க சான்று, என்றார்கள். சமணத்தில் கேவல ஞானம், அதாவது முழுமையான அறிவு, அடைந்த தீர்த்தங்கரர் எல்லாம் அறிந்தவர். இஸ்லாத்தில் இறைச்செய்தியை எடுத்துச் சொல்வதில் நபிமார்கள் தவறாமல் காக்கப்பட்டவர்கள். ஷியாக்கள் அதை இமாம்களுக்கும் நீட்டுகிறார்கள்.

முடிவு ஒன்றாகவே தெரிந்தாலும் காரணங்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. வேதம் ஏன் பிழையற்றது என்பதிலேயே மீமாம்சகரும் நியாயக்காரரும் பல நூற்றாண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

திருத்தந்தை எதைச் சொன்னாலும் பிழை இல்லை என்றுதானே கத்தோலிக்கர்கள் நம்ப வேண்டும்?

அப்படி இல்லை. இதைப் பல கத்தோலிக்கர்களே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், வெளியில் இருந்து கேலி செய்பவர்களும்தான்.

இந்தக் கோட்பாடு முறையாக அறிவிக்கப்பட்டது 1870 ஜூலை 18 அன்று, ஒன்பதாம் பத்திநாதர் கூட்டிய முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தில். ஆதரவாக 533 வாக்கு, எதிராக 2. எதிர்ப்பு அவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஒப்புக்கொள்ள மனமில்லாத ஆயர்கள் பலர் வாக்கெடுப்புக்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நிபந்தனைகளும் உண்டு: திருச்சபை முழுவதற்கும் தலைமைப் போதகராக நின்று, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, எல்லோரும் ஏற்றாக வேண்டும் என்று வரையறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். விமானத்தில் நிருபர்களிடம் பேசுவதோ அரசியல் கருத்தோ இதில் சேராது. 1870-க்குப் பிறகு இப்படி வெளிப்படையாக வரையறுத்த போதனை ஒன்றுதான்: 1950-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்த மரியாளின் விண்ணேற்பு.

அதற்கு முந்தைய பெரிய அறிவிப்பு 1854-இல் வந்த அமலோற்பவம், அதாவது மரியாள் கருவான நொடியிலேயே பிறவிப் பாவம் தீண்டாதவர் என்பது. புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் பேராலயம் அந்த அமலோற்பவ அன்னையின் பெயரில்தான் இருக்கிறது. நாம் சம்பா கோவில் என்றும் ஜென்மராக்கினி மாதா கோவில் என்றும் சொல்கிறோம். இன்றைய கட்டடம் 1791-இல் முடிந்தது. கோவில் சுவருக்கு அறுபது வயது தாண்டிய பிறகுதான் கோட்பாடு கட்டாயமானது. 1274-இல் இறந்த தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. திருச்சபை தன் தலைசிறந்த மறைவல்லுநர்களில் ஒருவராக இன்றும் கொண்டாடுகிறவர் அவர். நூற்றாண்டுக் கணக்கில் பெரியவர்கள் இருபக்கமும் நின்று வாதாடிய விஷயம் ஒருநாள் வாதத்துக்கு அப்பாற்பட்டதாக ஆகிவிட்டது. அந்த வாதம் நடந்ததே பலருக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

இவ்வளவு குறுக்கி வரையறுத்திருக்கிறார்களே, அப்புறம் என்ன சிக்கல்?

எந்தப் போதனை அந்த வகையில் சேரும், எது சேராது என்று தீர்மானிப்பவர் யார் என்பதுதான் சிக்கல். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் ஹொனோரியுஸ் என்ற திருத்தந்தை எழுதிய கடிதங்களுக்காக, அவர் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 680–681-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பொதுச்சங்கம் அவரையே கண்டித்தது. 1870-இல் எதிர்த்தவர்கள் இதைத்தான் முன்வைத்தார்கள். ஆதரித்தவர்கள், அந்தக் கடிதங்கள் அதிகாரபூர்வ வரையறை இல்லை என்றார்கள். அந்தப் பதிலை நான் தள்ளிவிடவில்லை. அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் தவறு தெரிந்த பிறகு “அது அந்தக் கணக்கில் வராது” என்று சொல்ல முடிகிறது என்றால், தவறு தெரியாத காலத்தில் அதைக் கேட்டு நடந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பால் என்ன பயன்?

இன்னொன்று. பிழையாமை என்ற ஒளி ரோமாபுரியோடு நிற்பதில்லை. பங்குச்சாமி, உபதேசியார், ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டர், மடத்துச் சாமி, ஜோசியர் வரைக்கும் இறங்கிவிடுகிறது. கீழே வர வர நிபந்தனைகள் கழன்று, “கேள்வி கேட்காதே” மட்டும் மிஞ்சுகிறது.

நம் ஊரில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. புதுச்சேரியிலிருந்தே ஓர் ஆணை கிளம்பி, கத்தோலிக்க உலகத்தை இருநூறு ஆண்டுக்கு மேல் அலைக்கழித்தது.

முதலில் பின்னணி. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவராக மாறுகிறவர் குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவற்றை விடத் தேவையில்லை, அவை நாட்டு வழக்கம் என்றார். சக பாதிரிமார்கள் எதிர்த்தார்கள். வழக்கு ரோம் போயிற்று. 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

எண்பது ஆண்டு கழித்து, 1703 நவம்பரில், திருத்தந்தையின் தூதராக தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சீனாவுக்குப் போகும் வழி. வந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஊருக்குள் போய்ப் பார்க்க வழியில்லாமல் மற்றவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு 1704 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். வரலாற்றில் இதை மலபார்ச் சடங்குகள் விவகாரம் என்பார்கள். அன்றைய ஐரோப்பியர்கள் தமிழரையும் மலபாரி என்றுதான் குறிப்பிட்டார்கள். விவகாரம் முழுக்கத் தமிழ்க் கிறிஸ்தவர்களுடையது.

அந்த ஆணையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. நூற்றெட்டு இழை மஞ்சள் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் பெரியவளானால் சடங்கு சுற்றக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் கோவில் திருவிழாவில் வாசிக்கக் கூடாது. திருநீறு கூடாது. இதே ஆணையில் வேறு இரண்டும் இருக்கின்றன. மாதவிலக்கான பெண்களைக் கோவிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுதல்) வராமல் தடுக்கக் கூடாது. தாழ்த்தப்பட்ட சாதியில் ஒருவர் நோயில் கிடந்தால் பாதிரியார் அந்த வீட்டுக்குள்ளேயே போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும். அதுவரை மேல்சாதிக்காரர்களுக்குப் பயந்து பல பாதிரியார்கள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஓர் ஆணைக்குள் எத்தனை விதமான விஷயங்கள் பாருங்கள். தேங்காய் உடைப்பதைத் தடுத்தது இன்று யாருக்கும் பொருட்டில்லை. சாகக் கிடப்பவரின் குடிசைக்குள் போ என்றது 1704-இல் சொல்லத் துணிச்சல் வேண்டிய வார்த்தை. அப்புறம் நடந்தது என்ன? 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் இந்த ஆணையை உறுதி செய்தார். ஆனால் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ள இயேசு சபையாருக்கு இடம் கொடுத்தார். கட்டாயமாக வந்திருக்க வேண்டிய பகுதி இளகிப் போயிற்று; தாலியும் தேங்காயும் இறுகிப் போயின. இந்தியாவுக்கு வரும் குருக்கள் இந்த ஆணைப்படி நடப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியத்தை ரோம் 1940-இல்தான் நீக்கியது. இன்று கோவிலில் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள், ஆரத்தி எடுக்கிறார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டைப் புரட்டினால், புதுச்சேரிக் கோவிலுக்குள் சாதியைப் பிரித்து ஒரு சுவர் இருந்ததும், அதை இடித்தபோது கிளம்பிய தகராறும் எழுதியிருக்கிறது.

இந்த ஆணைகள் 1870-இல் சொன்ன பிழையாமை வகையில் சேராது என்று கத்தோலிக்க இறையியலாளர் சொல்வார். சரி. ஆனால் 1704-க்கும் 1940-க்கும் நடுவில் வாழ்ந்து செத்த ஒரு புதுச்சேரிக் குடும்பத்துக்கு, இது மாறக்கூடிய சட்டம், அது மாறாத சத்தியம் என்று யாராவது பிரித்துச் சொல்லியிருப்பார்களா? இரண்டும் ஒரே பீடத்திலிருந்து ஒரே குரலில்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கும்.

கடவுள் தவற மாட்டார். அவர் கொடுத்த நூலில் மட்டும் எப்படிப் பிழை வரும்?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் மனதார நம்பிக் கேட்கிறார்கள். நூல் பிழையற்றது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் படிப்பவர் யார்? நகல் எடுத்தவர், மொழிபெயர்த்தவர், உரை எழுதியவர், பிரசங்கம் செய்பவர் யார்? எல்லோரும் நம்மைப் போன்றவர்கள்தான். ஊற்று எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நாம் குடிப்பது நம் குடத்தில் மொண்ட தண்ணீரை. சிகாகோ அறிக்கையும் மூலப் பிரதிக்குத்தான் பிழையாமையைக் கோருகிறது. அந்த மூலப் பிரதிகள் எதுவும் இன்று கையில் இல்லை. ஒரே பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய சங்கரர் அத்வைதம் என்றார், இராமானுஜர் விசிஷ்டாத்வைதம் என்றார், மத்வர் துவைதம் என்றார். நூல் ஒன்று, மூவரும் சரியாக இருக்க முடியாது.

இஸ்லாமிய மரபு இதை அழகாகக் கையாண்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்பவர் முழு முயற்சி எடுத்துச் சரியாகச் சொன்னால் இரண்டு கூலி, முயற்சி எடுத்தும் தவறிவிட்டால் ஒரு கூலி என்கிறது ஒரு நபிமொழி. நூலை இறைவாக்காக வைத்துக்கொண்டே, அதை விளக்குபவர் தவறலாம் என்று ஒப்புக்கொண்டு அதற்கும் மரியாதை கொடுத்திருக்கிறார்கள். கடற்கரை மரக்காயர்கள் ஷாஃபி வழி, உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி வழி; இரண்டும் இஸ்லாமியச் சட்ட விளக்க மரபுகள். இருதரப்பும் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று தொழுகிறார்கள்.

சைவ சித்தாந்தத்துக்கும் நம் மாவட்டம்தான் தாய்வீடு. மெய்கண்டாரைப் பெண்ணாடத்துக்காரர் என்பார்கள். அருணந்தியார் திருத்துறையூர். உமாபதி சிவம் சிதம்பரம். ஆகமத்தை இறைவாக்காக ஏற்றவர்கள் இவர்கள். ஆனாலும் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையை நிறுவும் பகுதியான சுபக்கத்தைத் தொடங்கும்போதே எதை எதை வைத்து ஒன்றை அறிவது என்று அளவையைத்தான் பேசுகிறார்: காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கோர் சொல்). பரபக்கத்தில் மாற்றுச் சமயங்களின் கட்சியை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அப்புறம் மறுக்கிறார். மறுப்பு சரியா தவறா என்பது இருக்கட்டும். எதிராளியின் வாதத்தை அவன் வாயாலேயே சொல்லவிட்டுப் பதில் சொன்னார்களே, அதற்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. இன்று அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு “வாயை மூடு” என்பவர்கள் அந்த நூலைத் திறந்து பார்த்தால் நல்லது.

ஞானிகள் கூடவா தவறு செய்வார்கள்?

அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாம்தான் கேட்கத் தயாராக இல்லை.

அப்பர் பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூர். பெரியபுராணம் சொல்கிறபடி, இளமையில் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுரத்தில், அதாவது இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலையில் இருந்தார். அப்புறம் சூலை நோய் வந்து, தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகை வந்து, சைவரானார். அங்கே பாடிய முதல் பதிகத்தின் முதல் அடியிலேயே “கொடுமை பல செய்தன நான் அறியேன்” என்கிறார். பின்னாளிலும் பழைய வாழ்க்கையை நினைத்து நினைத்து வருந்திப் பாடியிருக்கிறார். ஒரு காலத்தில் முழு உறுதியோடு நம்பியதைப் பின்னால் தவறு என்று ஊரறியப் பாடிய மனிதர் அவர். நான் சைவர், சமணம் தவறு என்று படிப்பவர்களுக்கு இது எளிதாக இருக்கும். அதில் தங்காமல் அடுத்ததையும் பார்க்க வேண்டும்: பல்லவ மன்னன் மதம் மாறியபின் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் கோவில் கட்டினான் என்றும் அதே பெரியபுராணம் சொல்கிறது. கி.பி. 458-இல் லோகவிபாகம் என்ற சமண நூல் உருவான பாடலிகையும் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஒருவர் தன் பழைய நம்பிக்கையைத் தவறு என்று உணர்வது மேன்மை. அதைக் கண்ட அரசன் மற்றவர் பள்ளியை இடிப்பது வேறு விஷயம். முன்னது தன்னைத் திருத்திக்கொண்டது. பின்னது தனக்கு இனிப் பிழையே வராது என்ற எண்ணத்தில் செய்தது.

அடுத்து வள்ளலார். 1867-இல் அவர் பாடிய திருவருட்பா அச்சாயிற்று. அதை அருட்பா என்று சொல்லக் கூடாது, திருமுறைகளுக்கே அந்தப் பெயர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். 1869-இல் தகராறு கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்காகப் போயிற்று. இருவரும் மறைந்த பின்னும் அருட்பா, மருட்பா என்று இருபதாம் நூற்றாண்டு வரை மேடையில் அடித்துக்கொண்டார்கள்.

மற்றவர்கள் இப்படி மல்லுக்கு நின்ற வேளையில் பாடியவர் என்ன சொன்னார்? 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிவிட்டு அவர் பேசிய பேச்சைப் பேருபதேசம் என்கிறார்கள். வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் இனி இலட்சியம் வைக்க வேண்டாம் என்று அதில் சொல்கிறார். தனக்குச் சைவத்தில் இருந்த பற்றுக்கு அளவே இல்லை, திருவருட்பாவில் உள்ள தோத்திரங்களைச் சபைக்குக் கொண்டுவந்தால் அவையே சாட்சி சொல்லும் என்கிறார். அவ்வளவு பற்று ஏன் இருந்தது என்றால், அப்போது எனக்கு அவ்வளவு அற்ப அறிவாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். ஐம்பது வயது, சுற்றிலும் தெய்வமாகக் கும்பிடும் கூட்டம், அந்தக் கூட்டத்தின் முன்னால் தன் பாட்டையே சுட்டிச் சொன்ன வார்த்தை இது. அடுத்த தை மாதம், 1874 ஜனவரி 30 அன்று, அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். இதற்கு இணையான ஒரு பேச்சைத் தமிழில் நான் படித்ததில்லை.

ஆனால் இப்போது வள்ளலாரையே பிழையற்றவர் என்கிறார்களே?

ஆமாம். அவர் எழுத்தில் ஒரு கமாவைக் கூட மாற்றக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, அவர் வேண்டாம் என்ற சைவ வழிபாடு அவர் வடலூரில் அமைத்த ஞான சபைக்குள்ளேயே நுழைந்து, வழக்காகி, உயர் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. மஞ்சக்குப்பம் வழக்கைப் பற்றியும் இருதரப்பிலும் தங்களுக்கு ஏற்ற கதைதான் ஓடுகிறது. எனக்குப் பிடித்தது வடலூரில் உள்ள அடுப்பு. 1867-இல் பசித்தவருக்குச் சோறு போடும் தருமசாலையில் மூட்டியது, அணையாமல் எரிகிறது. பசித்தவர் எந்தக் கட்சி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி ஒரு தேதி, டிவியில் சொல்வது ஒரு தேதி. எது சரி?

2023-இல் நன்றாகவே பார்த்தோம். இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது ஜனவரி 17. மனப்பாட வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் பழைய வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் விழா அன்றுதான். 2025 மார்ச் 29 என்று மறுபடி பேச்சு கிளம்பியபோது, எங்கள் கோவிலில் வாக்கியப் பஞ்சாங்கம்தான், இந்த ஆண்டு பெயர்ச்சி இல்லை என்று கோவில் தரப்பே அறிவித்தது. வானத்தில் சனி ஒன்றுதான். இரண்டு கணக்குக்கும் நடுவில் பதினோரு மாதம்.

வாக்கியக் கணக்கை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீ புதுச்சேரியில் தங்கியிருந்தார் (1769 ஜூன் 4 அன்று மேகம் மறைத்து, பாவம், பார்க்காமலே போனார்). இங்கே ஒரு தமிழரிடம் கணக்கு முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் என்பதில் அந்தத் தமிழ்க் கணக்கு 41 விநாடிதான் தவறியது. அன்று ஐரோப்பாவில் பேர்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி தவறியது. 1825-இல் ஜான் வாரன், இதே புதுச்சேரியில், தரையில் சோழியைப் பரப்பி மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே ஒரு பஞ்சாங்கக்காரர் கிரகணம் கணிப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அந்த முறை தொடக்கத்தில் 4 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. ஒரு தடவை விநாடிக் கணக்கில் நெருங்கியது, இன்னொரு தடவை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தவறியது. எவ்வளவு தவறியது என்று நமக்கு எப்படித் தெரியும்? கணக்கை வானத்தோடு வைத்துப் பார்க்க முடிந்தது, அதனால் தெரியும். சனி ஏழரை வருடம் உங்களை என்ன செய்வார் என்பதை எதோடு வைத்துப் பார்ப்பது? அந்த இடத்தில்தான் உறுதி அதிகமாகிறது. நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டு மனம் லேசாகிறவரை நான் தடுக்க மாட்டேன். தேதி தெய்வ வாக்கு என்று சொல்லிக் காசு பறிப்பவரைத் தடுப்பேன்.

சுனாமி கடவுளின் தண்டனை என்று சொன்னார்களே?

2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். தேவனாம்பட்டினத்தில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் முன்னால் நின்று, இன்ன பாவத்துக்கு இன்ன தண்டனை என்று சொல்லக்கூடிய உறுதி எந்த மனிதனுக்கும் கிடையாது. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டுகள் சரிந்து 9-க்கு மேல் அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. அலை அதனால் எழுந்தது. கடவுளின் மனதைத் தான் படித்துவிட்டதாகச் சொல்பவர் கடவுளுக்காகப் பேசவில்லை.

எங்கள் குரு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். கேட்காவிட்டால் விசுவாசக் குறைவு என்கிறார்.

நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்விக்கு வளவளவென்று பதில் தேவையில்லை. இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து, மனநல மருந்து எதையும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஜெபமோ மந்திரமோ கூடவே நடக்கட்டும். சர்க்கரை, வலிப்பு, புற்று ஆகியவற்றைத் தீர்ப்பதாக மந்திர தந்திர மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

குருவைப் பற்றி முடிவெடுக்க ஒன்றைக் கவனியுங்கள். குணமானால் அவர் சக்தி, குணமாகாவிட்டால் உங்கள் நம்பிக்கை போதவில்லை என்கிறாரா? அப்படியென்றால் எது நடந்தாலும் அவர் தவறியதாக ஆகாது. அந்த ஏற்பாட்டை அவர் தனக்காகச் செய்துகொண்டிருக்கிறார். வீட்டாரோடு பேசாதே, வெளியே யாரிடமும் சொல்லாதே என்ற பேச்சும் சேர்ந்து வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அன்றே வெளியேறுங்கள்.

நக்கீரர் கதை நம் பக்கம்தானே?

பாதிதான். சிவனையே எதிர்த்துக் குற்றம் குற்றமே என்று நின்றார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். திருவிளையாடற் புராணத்தில் அப்புறம் அவர் நெற்றிக்கண் தீயில் வெந்து, பொற்றாமரைக் குளத்தில் விழுந்து, இறைவனைப் பாடிக் கரையேறுகிறார். புராணம் எழுதியவர் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் மக்கள் நெஞ்சில் தங்கியது முதல் பாதி. தமிழ் மக்கள் அந்தக் கதையை அப்படி எடுத்துக்கொண்டதில் எனக்குப் பெருமை உண்டு.

விஞ்ஞானமும்தான் தவறுகிறது. அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

தவறுகிறது. பகுத்தறிவு பேசுபவர்களும் தவறுகிறார்கள். தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பேச்சை அங்கேயும் கேட்டிருக்கிறேன். ஒரு கருத்து தவறென்று காட்ட வழி இருக்கிறதா, காட்டினால் அதைச் சொன்னவர்கள் மாற்றிக்கொள்வார்களா, காட்டியவருக்கு என்ன ஆகும்? விஞ்ஞானிக்கும் மடாதிபதிக்கும் ஆயருக்கும் கட்சித் தலைவருக்கும் இதையே வைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் பெரியவர்களிடம் இதை எப்படிப் பேசுவது?

“நீங்க நம்புறது தப்பு” என்று ஆரம்பிக்காதீர்கள். அம்மாவுக்கு அந்தச் சாமி படம் ஐம்பது வருடத் துணை. அவர் சிறு வயதில் பார்த்ததைக் கேளுங்கள். உங்க பாட்டி வீட்டில் மாதவிலக்கு நாளில் எங்கே உட்கார வைத்தார்கள், தட்டும் சொம்பும் தனியா, வயலில் வேலை செய்தவர்களுக்கு எந்த வாசலில் தண்ணீர் ஊற்றினார்கள், இப்போது ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேளுங்கள். அதெல்லாம் அன்றைக்குச் சாஸ்திரம், மீறினால் சாமி குற்றம். யார் மாற்றினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும், “நாங்கதான், உங்க அப்பா பிறந்த அப்புறம் விட்டுட்டோம்” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சின்னப் பெருமையும் தெரியும். அந்த இடத்தில் 1704 ஆணையைப் பற்றி எடுத்துச் சொல்லுங்கள். மாதவிலக்கும், சாதி வாசலும் அதிலும் இருந்தன என்று தெரிந்தால், இந்து வீடோ கிறிஸ்தவ வீடோ, பேச்சு தானாக நீளும்.